"எந்தக் குறையும் இல்லை, சார்": மாற்றுத்திறனாளி ஊழியரின் பணித் திருப்தியை அறிந்து உயர்த்த ஒரு வழிகாட்டி

ஆண்டுக்கொரு முறை ஊழியர்களிடம் கருத்துக் கேட்கும் நிறுவனங்கள் சிலவற்றில் விந்தையான ஒரு முடிவு வருவதுண்டு. மாற்றுத்திறனாளி ஊழியர்கள் தரும் மதிப்பெண் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக இருக்கும். ஊதியம் திருப்தி, மேலாளர் திருப்தி, பணிச்சூழல் மிகத் திருப்தி என்று எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கும். நிர்வாகம் மகிழ்ந்து அதை ஆண்டறிக்கையில் ஒரு புகைப்படத்துடன் வெளியிடும். ஆறு மாதம் கழித்து அந்த ஊழியர்களில் ஒருவர் அரசுத் தேர்வு எழுதி விலகுவார். இன்னொருவர் 'வீட்டுச் சூழ்நிலை சரியில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். உண்மையில் ஏன் போனார்கள் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

இந்த முரண்பாட்டுக்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடி பேர். அவர்களில் ஏதேனும் ஒரு வேலையில் இருந்தவர்கள் 36 சதவீதம், பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 23 சதவீதம். வேலை கிடைப்பதே அரிதாக இருக்கும்போது, கிடைத்த வேலையைப் பற்றிக் கேட்டால் வருகிற முதல் பதில் பெரும்பாலும் நன்றியறிதலாக இருக்கும், அல்லது அச்சமாக இருக்கும். தமிழில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. நம் மொழியில் 'குறை' என்பது புகாரையும் குறிக்கும், உடலில் உள்ள ஊனத்தையும் குறிக்கும். சிறு வயது முதல் 'குறையுள்ள பிள்ளை' என்று பிறர் பேசக் கேட்டு வளர்ந்த ஒருவரிடம் போய், "உங்களுக்கு இங்கே ஏதாவது குறை இருக்கிறதா?" என்று கேட்டால், "எந்தக் குறையும் இல்லை, சார்" என்றுதான் அவர் சொல்வார். கேட்டவர் பணிச்சூழலைப் பற்றிக் கேட்கிறார். பதில் சொல்பவரோ தம்மைத் தற்காத்துக்கொள்கிறார்.

எனவே, அந்தப் பதிலைத் தாண்டிப் போவது எப்படி, போன பிறகு என்ன செய்வது என்பவற்றை இவ்வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது. மனிதவளப் பிரிவினரையும் கிளை மேலாளர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தாலும், ஊழியருக்கென்றே ஒரு படியும் உண்டு. சட்டக் குறிப்புகள் இந்தியச் சட்டத்தைச் சார்ந்தவை.

முதல் படி: எதை அளக்கிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

பணித் திருப்தி பற்றிய ஆய்வுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உள்ள உறவு பலர் அறியாதது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1959இல் தொடங்கிய ஓர் ஆய்வுத் திட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில்சார் மறுவாழ்வுப் பணியின் பகுதியாகவே நடந்தது. வேலை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதுமா, அந்த வேலை அவருக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1967இல் வெளியான மின்னசோட்டா பணித் திருப்தி வினாநிரல். விரிவான வடிவில் 100 கூற்றுகளும் சுருக்க வடிவில் 20 கூற்றுகளும் கொண்ட அந்த வினாநிரல் இன்று எல்லாவகை ஊழியர்களிடமும் பயன்படுத்தப்படுகிறது. அதற்கு வித்திட்டவர்கள் யார் என்பது மட்டும் மறந்துபோயிற்று. 1985இல் உளவியலாளர் பால் ஸ்பெக்டர் உருவாக்கிய, ஒன்பது கூறுகளில் 36 கேள்விகள் கொண்ட வினாநிரலும் பரவலாக வழக்கில் இருக்கிறது. ஊதியம், பதவி உயர்வு, மேற்பார்வை, சலுகைகள், பாராட்டு, நடைமுறை விதிகள், சக ஊழியர்கள், வேலையின் தன்மை, தகவல் பரிமாற்றம் ஆகியவை அந்த ஒன்பது.

கருவி எதுவானாலும், உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் முன்வைத்த ஒரு வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. அதிருப்தியைத் தருகிற காரணங்கள் வேறு, திருப்தியைத் தருகிற காரணங்கள் வேறு என்றார் அவர். ஊதியம், பணிச்சூழல், மேற்பார்வை போன்றவை சரியில்லாவிட்டால் மனம் புழுங்கும். அவை சரியாகிவிட்டால் புழுக்கம் நிற்குமே தவிர மகிழ்ச்சி பொங்காது. செய்து முடித்தோம் என்ற நிறைவு, அங்கீகாரம், பொறுப்பு, வளர்ச்சி ஆகியவைதான் திருப்தியைத் தருபவை. இக்கோட்பாட்டின் மீது விமர்சனங்கள் பல உண்டு. ஆயினும் நம் பொருளுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. சாய்தளம் கட்டுவது அதிருப்தியை நீக்கும் வேலை. சாய்தளத்தில் ஏறி உள்ளே வந்தவருக்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்பதில்தான் திருப்தி இருக்கிறது. பல நிறுவனங்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன.

இரண்டாம் படி: சட்டத்தின் தளம் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 1995 சட்டத்தில் 7 ஆக இருந்த மாற்றுத்திறன் வகைகள் இதில் 21 ஆயின. இச்சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி தனியார் நிறுவனங்கள் உள்பட எல்லா நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, அதன் நகலை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனமாயின், எந்தெந்தப் பணிகள், தேர்வும் பயிற்சியும் பதவி உயர்வும் எப்படி, இடமாற்றத்திலும் சிறப்பு விடுப்பிலும் என்ன முன்னுரிமை, உதவிக் கருவிகள் எவை, தொடர்பு அலுவலர் யார் என்பவற்றை அக்கொள்கை சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் 2017 விதிகள் கூறுகின்றன.

உங்கள் நிறுவனத்தில் அப்படியொரு கொள்கை இருக்கிறதா, இருந்தால் அது எவர் கண்ணிலாவது பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணினியிலிருந்து அச்சிட்டு, கையொப்பமிட்டு, மீண்டும் ஸ்கேன் செய்து இணையதளத்தில் ஏற்றப்பட்ட கொள்கைகளே அதிகம். அவை வெறும் படங்கள். திரையில் உள்ள எழுத்தைப் பார்வையற்றவருக்குக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அவற்றில் ஓர் எழுத்தையும் வாசிக்காது. யாருக்காக எழுதப்பட்டதோ அவரால் படிக்க முடியாத கொள்கை என்பது நம் அலுவலகங்களின் நகைச்சுவைகளில் ஒன்று.

மூன்றாம் படி: கேட்கும் முறையை மாற்றுங்கள்

இந்தப் படியில் அவசரம் காட்டினால் மற்றப் படிகள் எல்லாம் வீண். யார் கேட்பது, எந்த வடிவில் கேட்பது, என்ன கேட்பது என்ற மூன்றையும் தனித்தனியே யோசிக்க வேண்டும்.

மதிப்பீட்டு அறிக்கை எழுதும் மேலாளர் கேட்கக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூடாது. வேறு பிரிவைச் சேர்ந்தவரோ வெளியாளோ கேட்கலாம். அவரே மாற்றுத்திறனாளியாக இருந்தால் பேச்சு விரைவில் திறக்கும். செவித்திறன் இல்லாதவரிடம் கேட்கும்போது, அவருடன் அமர்ந்து வேலை செய்யும் 'சைகை தெரிந்த' நண்பரையோ வீட்டாரையோ மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். அந்த நண்பரைப் பற்றியே அவருக்கு ஏதேனும் சொல்ல வேண்டியிருக்கலாம்.

அடுத்தது படிவம். கட்டம் கட்டமாகக் குறுக்கும் நெடுக்கும் விரியும் அட்டவணைக் கேள்விகள் திரைவாசிப்பானில் கேட்பதற்குப் பெரும் தொல்லை; ஒரு நேரத்துக்கு ஒரு கேள்வி, அதன் கீழே விடைகள் என்று அமையுங்கள். பிறவியிலேயே செவித்திறன் இல்லாத பலருக்குச் சைகை மொழியே முதல் மொழி, எழுதும் தமிழ் இரண்டாம் மொழிதான். 'பணிச்சூழலின் ஒட்டுமொத்தத் தன்மை குறித்த தங்கள் மனநிலை' என்ற வகைத் தொடர்கள் அவர்களுக்கு வாசலிலேயே கதவைச் சாத்திவிடும். கேள்விகளைச் சைகை மொழியில் ஒளிப்பதிவு செய்து கொடுப்பது பெரிய செலவன்று. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குச் சிறு வாக்கியங்களும் படங்களும் உதவும். உடனிருந்து உதவுபவர் யார் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

பெயரை மறைப்பது மட்டும் இரகசியம் காப்பதாகாது. 300 பேர் உள்ள நிறுவனத்தில் ஆறு மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முடிவுகளை வகைவாரியாகப் பிரித்துக் காட்டினால், 'செவித்திறன் குறைபாடு, பெண், கணக்குப் பிரிவு' என்ற மூன்று சொற்களில் ஆள் யாரென்று வெளிப்பட்டுவிடும். ஐந்து பேருக்குக் குறைவான எந்தக் குழுவின் முடிவையும் தனியே வெளியிடுவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் சராசரி மதிப்பெண்ணுக்கு அதிகப் பொருளும் இல்லை. நேரில் அமர்ந்து பேசுவதே பயன் தரும்.

கேள்விகளைப் பொறுத்தவரை, மனநிலையைக் கேட்பதைவிட நிகழ்வுகளைக் கேளுங்கள். 'திருப்தியாக இருக்கிறீர்களா' என்ற கேள்விக்கு விடை முன்பே தயாராக இருக்கிறது. கீழ்க்காண்பவற்றுக்கு அப்படி இல்லை:

- நீங்களே தனியாக முடித்திருக்கக்கூடிய வேலையை, கோப்போ கருவியோ ஒத்துழைக்காததால் அடுத்தவரிடம் கேட்டு முடித்தது கடந்த மாதத்தில் எத்தனை முறை?
- அலுவலகத்தில் கழிப்பறைக்குப் போவதைத் தவிர்ப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறீர்களா?
- உங்கள் பிரிவில் எடுக்கப்பட்ட ஒரு முடிவை எல்லாருக்கும் தெரிந்த பிறகு நீங்கள் அறிந்துகொண்டது கடைசியாக எப்போது?
- உங்கள் வேலையில் நேர்ந்த ஒரு பிழையை மேலாளர் உங்களிடமே நேராகச் சொன்னது எப்போது?
- கடந்த ஓராண்டில் புதிதாகக் கற்றுக்கொண்ட வேலை எது? கேட்டும் கிடைக்காத வேலை எது?
- நாளையே உங்கள் மேலாளர் மாறினால், இப்போது உங்களுக்குள்ள ஏற்பாடுகளில் எவை நிற்கும், எவை போய்விடும்?

இரண்டாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பெண் ஊழியரிடம் பெண்ணே கேட்கட்டும். ஐந்து அடுக்கு அளவுகோலில் எங்கேயும் அகப்படாத துன்பம் அந்த ஒரு கேள்வியில் அகப்படும்.

நான்காம் படி: ஒரு வேலை நாளை வரைபடமாக்குங்கள்

வீட்டிலிருந்து புறப்பட்டது முதல் திரும்பிச் சேர்வது வரை ஒரு நாளை அந்த ஊழியருடன் சேர்ந்து எழுதுங்கள். இயன்றால் ஒரு நாள் முழுதும் கூடவே இருங்கள். எங்கெல்லாம் அவர் காத்திருக்கிறார், எங்கெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது, எங்கெல்லாம் சுற்றிப் போகிறார் என்று குறியுங்கள். பணித் திருப்தி பெரும்பாலும் இந்தச் சிறு நிறுத்தங்களில்தான் கசிகிறது.

பயணத்திலிருந்து தொடங்குவோம். சென்னையில் 2024 முதல் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியுள்ளன. ஆனாலும் வீட்டிலிருந்து நிறுத்தம் வரையும், நிறுத்தத்திலிருந்து அலுவலகம் வரையும் உள்ள நடைபாதை ஒழுங்காக இருந்தால்தான் அந்தப் பேருந்து பயன்படும். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வருபவருக்கு நிழலில், வாசலுக்கு அருகில், பிறர் ஆக்கிரமிக்காத ஓரிடம் வேண்டும். காலை ஒன்பதரை மணி நெரிசலில் வந்து சேர்வதே ஒரு நாள் உழைப்பு என்பவருக்கு, வருகை நேரத்தை முக்கால் மணி நேரம் தள்ளிக் கொடுப்பது ஊதிய உயர்வுக்கு நிகரான நிம்மதி.

வாசலில் சாய்தளம் இருந்தால் அதன் சரிவைப் பாருங்கள். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது ஏற்கப்பட்ட அளவு. மூன்று படிக்கட்டுகளின் மேல் சிமெண்டைப் பூசிவிட்டு அதைச் சாய்தளம் என்று அழைக்கும் வழக்கம் நம்மூரில் இருக்கிறது. அதில் சக்கர நாற்காலி ஏறாது, ஏற்றினால் உருளும். கதவுகளுக்கு 900 மில்லிமீட்டர் அகலம் வேண்டும்.

அடுத்து வருகைப் பதிவு எந்திரம். தொழுநோயிலிருந்து குணமடைந்தவர், அமிலத் தாக்குதலுக்கு உள்ளானவர், பெருமூளை வாதம் உள்ளவர் ஆகியோரின் விரல் ரேகையை எந்திரம் பல நேரம் ஏற்பதில்லை. நாள்தோறும் காலையில் வரிசை முழுவதும் பார்த்திருக்க, ஐந்து முறை விரலை வைத்து, பிறகு காவலாளியின் நோட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போகும் ஒருவரின் பணித் திருப்தி அந்த இடத்திலேயே பாதியாகிவிடுகிறது. முகத்தைக் காட்டிக் கண் சிமிட்டச் சொல்லும் செயலிகளும் இப்படித்தான். வங்கிகளும் பிற நிறுவனங்களும் வாடிக்கையாளரை இணையவழியில் சரிபார்க்கும் முறை பார்வையற்றோருக்கும் அமிலத் தாக்குதலுக்கு உள்ளானோருக்கும் ஏற்றதாக மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் 20 வழிகாட்டுதல்களைத் தந்தது. வாடிக்கையாளருக்கு ஆகாதது ஊழியருக்கு மட்டும் ஆகிவிடுமா?

கணினி முன் அமர்ந்த பிறகு வருவது தமிழ் எழுத்துருத் தொல்லை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான ஒருங்குறியை (யூனிகோடு) தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளும் கடித மாதிரிகளும் அலுவலகங்களில் இன்னும் புழங்குகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு அவை அழகான தமிழ். என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பானுக்கோ அவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த உளறல். இலவசமாகக் கிடைக்கும் அந்த மென்பொருளைக் கொண்டு ஒருங்குறித் தமிழை விரைவாக வாசிக்கத் தெரிந்த ஒருவர், எழுத்துரு பழையது என்ற ஒரே காரணத்தால் பக்கத்து மேசைக்காரரின் தயவுக்குக் காத்திருக்கிறார். மாற்றி மென்பொருள்கள் உண்டு; ஆனால் இனி எல்லாமே ஒருங்குறியில் மட்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டால் அந்தத் தேவையே இராது. படமாக ஸ்கேன் செய்த ஆவணங்கள், ஒலி வழி இல்லாத கேப்சா, 'மேலே படத்தில் உள்ளபடி' என்று அனுப்பப்படும் வாட்ஸ்அப் செய்தி ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

செவித்திறன் குறைந்தவரின் நாளில் தடைகள் கூட்ட அறையில் இருக்கின்றன. ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருவர் சுவரைப் பார்த்துப் பேசுவார், எல்லாரும் சிரிப்பார்கள்; ஏன் சிரித்தார்கள் என்று கேட்டால் "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்" என்பார்கள். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. கூட்டத்துக்கு முன் பொருள்நிரல், நடக்கும்போது பேசுவதை உடனுக்குடன் எழுத்தில் காட்டும் திரை வசனம் அல்லது சைகை மொழிபெயர்ப்பாளர், முடிந்ததும் அன்றைக்கே குறிப்புகள் என்று மூன்றையும் வழக்கமாக்குங்கள். தீ எச்சரிக்கை மணியுடன் ஒளிரும் விளக்கும் இருக்கிறதா, கழிப்பறைக்குள் இருந்தால் அது தெரியுமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: ஏற்பாடுகளைத் தயவிலிருந்து நடைமுறைக்கு மாற்றுங்கள்

வரைபடத்தில் குறித்த தடைகளை நீக்கத் தனி ஒருவருக்காகச் செய்யும் மாற்றங்களைச் சட்டம் நியாயமான ஏற்பாடு என்கிறது. நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாத, தேவையான, பொருத்தமான மாற்றம் என்பது அதன் பொருள். அதை மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தின் வரையறைப் பிரிவு சொல்கிறது. ஏற்பாட்டுக்கான செலவில் ஒரு பகுதியையும் ஊழியரின் தலையில் கட்டக் கூடாது என்று 2017 விதிகள் சொல்கின்றன. தேர்வில் தமக்காக எழுத ஓர் உதவியாளரைக் கோரிய தேர்வர் ஒருவரின் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறன் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்ற வரம்பு இடஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தானே தவிர இத்தகைய ஏற்பாட்டைப் பெறுவதற்கான நிபந்தனை அன்று என்று தெளிவுபடுத்தியது.

நல்ல மேலாளர் இருக்கும் இடத்தில் இவை எல்லாம் வாய்மொழியாக நடந்துவிடும். "நீங்கள் பத்தேகாலுக்கு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அவர் மாற்றலாகிப் போன மறுநாள் புதியவர் தாமத வருகைக்கு விளக்கம் கேட்பார். ஆகையால் ஏற்பாடு எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். ஒரு பக்கக் கோரிக்கைப் படிவம், பதிலளிக்க ஒரு காலவரையறை, மறுத்தால் எழுத்தில் காரணம், செலவுக்குப் பிரிவின் நிதியிலிருந்து அல்லாமல் நிறுவனத்தின் பொது நிதியிலிருந்து ஒதுக்கீடு ஆகிய நான்கும் போதும். கடைசியாகச் சொன்னது முக்கியம்: தன் பிரிவின் செலவுக் கணக்கில் ஏறும் என்றால், இரக்கமுள்ள மேலாளரும் கொஞ்சம் தயங்குவார். ஏற்பாட்டுக் கடிதம், ஊழியர் இடம் மாறும்போது அவருடனே போக வேண்டும்.

விடுப்பு, இடமாற்றம் ஆகியவற்றில் மத்திய அரசு அலுவலகங்களின் நடைமுறை தனியாருக்கும் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது. மாற்றுத்திறன் தொடர்பான தேவைகளுக்காக ஆண்டுக்கு நான்கு நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு அங்கே உண்டு. சுழற்சி முறை இடமாற்றத்திலிருந்து விலக்கு தரலாம் என்று 2014 மார்ச்சில் வந்த வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. பழகிய பாதையையும் பழகிய உதவிகளையும் விட்டுப் புதிய ஊரில் முதலிலிருந்து தொடங்குவது என்ன என்று, பத்து ஆண்டுகளாக ஒரே பேருந்தில் போய்வரும் பார்வையற்ற ஊழியரைக் கேட்டால் தெரியும்.

ஆறாம் படி: வேலைக்குள் வேலை இருக்கிறதா என்று பாருங்கள்

தடைகளை நீக்கியாயிற்று, அதிருப்தி குறையும். இனிமேல்தான் திருப்தியின் பக்கம் வருகிறோம். என் கணிப்பில், மாற்றுத்திறனாளி ஊழியர்களை உள்ளூர அரிப்பது கடுமையான வேலையன்று, வேலையே இல்லாமைதான். "அவருக்கு எதற்குச் சிரமம்?" என்ற ஒரு வாக்கியம் நல்லெண்ணத்தில் பிறந்து ஒருவரின் பணிவாழ்க்கையையே முடித்துவிடுகிறது. பட்டமேற்படிப்பு முடித்த பார்வையற்றவர் தொலைபேசி இணைப்பு கொடுத்துக்கொண்டிருக்கிறார். செவித்திறன் இல்லாதவர் என்றால் தரவு உள்ளீடு என்று முடிவாகிவிடுகிறது. கடினமான கோப்பு அவர் மேசைக்கு வருவதில்லை. வராததால் அவர் கற்பதில்லை. கற்காததால் பதவி உயர்வுக்குப் 'போதிய அனுபவம் இல்லை' என்று எழுதப்படுகிறது.

பார்வையற்றோர் நீதிபதியாகவே அமரலாம், அவர்களை நீதித்துறைப் பணிகளிலிருந்து ஒதுக்கி வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்துவிட்டது. எனவே, ஒரு கோப்பைக் கையாள முடியுமா என்ற சந்தேகத்தை மேலாளர் தாமாகவே தீர்த்துக்கொள்ளாமல் அந்த ஊழியரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்வதே முறை.

செய்ய வேண்டியது இது. அந்த ஊழியரும் அதே பதவியில் உள்ள மற்றொருவரும் கடந்த மூன்று மாதங்களில் செய்த வேலைகளை இரண்டு பத்திகளாக எழுதுங்கள். வேறுபாடு கண்ணில் படும். அந்த வேறுபாட்டில் ஒவ்வொன்றையும் எடுத்து, உண்மையிலேயே அவரால் இயலாததா, ஓர் ஏற்பாடு இருந்தால் இயலுமா, யாரும் கேட்காமலேயே ஒதுக்கியதா என்று அவருடன் அமர்ந்து மூன்று குவியலாகப் பிரித்துப் பாருங்கள். மூன்றாவது குவியல்தான் பெரிதாக இருக்கும். அதிலிருந்து இரண்டு பொறுப்புகளை அடுத்த காலாண்டிலேயே அவரிடம் கொடுங்கள். பிழை வந்தால் மற்றவரிடம் சொல்வதுபோலவே சொல்லுங்கள். பிழையைச் சொல்லாமல் விடுவதை அவர் கனிவு என்று எடுத்துக்கொள்வதில்லை. தம்மிடமிருந்து இவர்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்றே புரிந்துகொள்கிறார்.

பதவி உயர்வைப் பொறுத்தவரை, மாற்றுத்திறனை மட்டும் காரணமாகக் காட்டி அதை மறுக்கக் கூடாது என்று அரசு நிறுவனங்களுக்கு 2016 சட்டத்தின் 20ஆம் பிரிவு தடை விதிக்கிறது. கேரள அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் 2021 ஜூனில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பதவி உயர்விலும் இடஒதுக்கீடு உண்டு என்று உறுதிப்படுத்தியது. தனியாருக்கு இந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும், உங்கள் மாற்றுத்திறனாளி ஊழியர்கள் சேர்ந்த நிலையிலேயே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஊதியத்தையும் அதே தாளில் ஒப்பிடுங்கள். ஊழியர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யில் சேர்வதற்கான மாத ஊதிய வரம்பு பிறருக்கு ரூ.21,000 எனில் மாற்றுத்திறனாளிக்கு ரூ.25,000 என்பது ஊதியப் பிரிவினருக்கே சில வேளை தெரிவதில்லை.

ஏழாம் படி: சக ஊழியர்களின் பேச்சு

இதற்கு நீண்ட பயிற்சி வகுப்புகள் தேவையில்லை. உதவும் முன் கேட்க வேண்டும். சக்கர நாற்காலியையோ பார்வையற்றவரின் கையையோ கேட்காமல் பிடிக்கக் கூடாது. உடன் வந்தவரிடம் பேசாமல் அவரிடமே பேச வேண்டும். இவற்றை அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். கடினமானது புகழ்ச்சியைக் கட்டுப்படுத்துவது. "இவ்வளவு கஷ்டத்திலும் எப்படி வேலை செய்கிறார் பாருங்கள்" என்று உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 அன்று மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவதைவிட, அவர் தயாரித்த அறிக்கை நன்றாக இருந்தது என்று சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமையில் சொல்வது அவருக்கு உவப்பானது. வேண்டுமென்றே பலர் முன்னிலையில் மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்துவது 2016 சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் அந்த அரை மணி நேரத்தில் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: வெளியே தெரியாதவர்களையும் பின்னர் வந்தவர்களையும் கணக்கில் கொள்ளுங்கள்

21 வகைகளில் மனநோய், கற்றல் குறைபாடு, இரத்த உறையாமை, தலசீமியா போன்றவை பார்த்த மாத்திரத்தில் தெரிவதில்லை. இவர்களில் பலர் அலுவலகத்தில் சொல்வதே இல்லை. சொன்னால் கிடைக்கும் ஏற்பாட்டைவிடச் சொல்லாமல் இருப்பதால் கிடைக்கும் மரியாதை பெரிது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். ஏற்பாடு கேட்பதற்கான வழியை எல்லா ஊழியர்களுக்கும் பொதுவாகத் திறந்து வையுங்கள். மருத்துவச் சான்று மனிதவளப் பிரிவில் ஒரே ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். மேலாளருக்கு ஏற்பாடு என்ன என்பது தெரிந்தால் போதும், நோய் என்ன என்பது தெரிய வேண்டியதில்லை.

பணியில் இருக்கும்போது விபத்தாலோ நோயாலோ மாற்றுத்திறனாளியானவர் நிலை வேறு. நேற்று வரை தமக்கிருந்த இடத்தோடு இன்றைய இடத்தை அவர் ஒவ்வொரு நாளும் ஒப்பிடுகிறார். அரசு நிறுவனங்களில் அத்தகையவரைப் பணிநீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படி ஒன்று இல்லையென்றால், பொருத்தமான பணியிடம் வரும் வரையோ ஓய்வு பெறும் வரையோ கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். ஆனால் பணியிடம் காப்பாற்றப்பட்டதும் கடமை முடிந்தது என்று அவரை ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவது பரவலாக நடக்கிறது. திரும்பி வந்த முதல் மாதத்திலேயே ஆறாம் படியின் இரண்டு பத்திப் பயிற்சியை அவருடன் செய்யுங்கள்.

ஒன்பதாம் படி: ஊழியர் தம் பக்கத்தில் செய்ய வேண்டியவை

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். தேதியிட்ட ஒரு மின்னஞ்சல் போதும். 'எனக்குச் சிரமமாக இருக்கிறது' என்று எழுதுவதைவிட, 'மாதாந்திர அறிக்கை படமாக வருவதால் அதை வாசிக்க எனக்கு இன்னொருவர் தேவைப்படுகிறார். வேர்டு கோப்பாக அனுப்பினால் நானே முடித்துவிடுவேன்' என்று எழுதுங்கள். தடையையும் தீர்வையும் அதனால் நிறுவனத்துக்குக் கிடைப்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது அது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையின் (யு.டி.ஐ.டி.) செல்லுபடிக் காலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், அரசு நிறுவனத்தில் குறைதீர்ப்பு அலுவலரிடம் பதிவு செய்யுங்கள். அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும், அதிலும் தீராவிட்டால் மாவட்ட அளவிலான குழு இருக்கிறது. தனியார் நிறுவன ஊழியர் மாநில ஆணையரை நாடலாம். இவை வேலையைக் கெடுத்துக்கொள்ளும் வழிகள் என்று நண்பர்கள் எச்சரிப்பார்கள். அந்த எச்சரிக்கையில் ஓரளவு உண்மை உண்டு. அதனால்தான் முதலில் மின்னஞ்சல், பிறகு தொடர்பு அலுவலர், அதன் பிறகே வெளியில் என்ற வரிசையும், ஒவ்வொன்றின் நகலைத் தம்மிடம் வைத்திருப்பதும் தேவை.

பத்தாம் படி: ஆறு மாதம் கழித்து மீண்டும் கேளுங்கள்

மூன்றாம் படியின் அதே கேள்விகளை அதே ஆட்களிடம், அதே முறையில் கேளுங்கள். அடுத்தவரைக் கேட்டு முடித்த வேலைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா, புதிதாகக் கற்ற வேலை என்று ஏதாவது வந்திருக்கிறதா, கோரிக்கைப் படிவங்களுக்குப் பதில் சொல்ல எத்தனை நாளானது, விலகியவர்கள் எத்தனை பேர் என்று பழைய எண்களையும் புதிய எண்களையும் அருகருகே வையுங்கள். விலகிப் போனவர்களிடம் மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசுங்கள். நிலுவைத் தொகையும் பணிச்சான்றும் கைக்கு வந்த பிறகு சொல்லப்படும் காரணம் வேறாக இருக்கும்.

ஒன்றை நிர்வாகத்திடம் முன்பே சொல்லி வைத்துவிடுவது நல்லது. இத்தனையும் செய்த பிறகு வரும் முதல் கணக்கெடுப்பில், மாற்றுத்திறனாளி ஊழியர்களின் திருப்தி மதிப்பெண் பெரும்பாலும் இறங்கியே இருக்கும். சென்ற ஆண்டு ஐந்துக்கு ஐந்து போட்டவர் இந்த ஆண்டு மூன்று போட்டு, கீழே கருத்துக் கட்டத்தில் நான்கு வரி எழுதியிருப்பார்: லிஃப்டில் தளத்தின் எண்ணைச் சொல்லும் ஒலி இல்லை, பயிற்சி வகுப்புக்கு என் பெயர் இரண்டாம் முறையும் வரவில்லை, புதிய கோப்புகளும் வானவில்லில்தான் வருகின்றன, கணக்குப் பிரிவுக்கு மாற்றம் கேட்டிருந்தேன். நான்கில் மூன்றை அந்த மாதத்துக்குள் முடித்துவிடலாம். நான்காவதற்கு அவரை அழைத்து உட்கார வைத்துப் பேச வேண்டும்.